இடைவழியில் ஒரு வீடு

சென்ற ஐப்பசியின் கடைக்கூறிலே ஒரு நாள். மாரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கல்லூரி முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். எமது ஒழுங்கை பெருந்தெருவுடன் கூடுமிடத்தில் ஒரு சிறு மதகு உண்டு. அதன் அருகே வந்தபோது கீச்சென்று ஒரு குரல் கேட்டது. குருவிக் குஞ்சாக்கும் என்று எண்ணிச் சிறிது தூரம் சென்றும் விட்டோம். ஆனால் அக்குரல் எம்மைப் பின்தொடர்வது போலிருந்தது. திரும்பி வந்து குனிந்து பார்த்தோம். மதகின் உட்புறத்தே ஓர் அரிசிச் சாக்கு. அதனுள்ளே இன்னும் கண் திறவாத நாய்க்குட்டிகள் நான்கு.

இத்தகைய காட்சி யாழ்ப்பாணத்தில் வாழ்வோர்க்குப் புதிதன்று. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் சுடலைப் பாதையிலும் மாரி தோறும் காண்பதுதான். “ஈவிரக்கமற்ற சென்மங்கள்” என்று இட்டவரை வைதுவிட்டு நாமும் பலமுறை கடந்து சென்றிருக்கின்றோம். அன்று மட்டும் கடந்து செல்ல இயலாமற் போனதற்குக் காரணம் யாதெனில், அச்சாக்கினுள்ளே ஒரு பழஞ் சேலைத் துண்டு மடித்து விரிக்கப்பட்டிருந்தது. மழைநீர் படாத மேட்டுப் பக்கமாகப் பார்த்தே சாக்கு வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் இரக்கமற்றவர் அல்லர், வழியற்றவர். யாரேனும் ஒருவர் எடுத்துச் செல்ல மாட்டாரா என்று எண்ணி, தெரியாத ஒருவரை நம்பி விட்டுச் சென்றிருக்கின்றார். அந்தத் தெரியாத ஒருவர் நாமாக இருந்தோம். அவ்வளவுதான்.

சாக்குடன் படலையைத் திறந்த எம்மைக் கண்டதும், அயல் வளவு ஆச்சி வேலியால் எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்டுதான் கடுவன். மற்ற மூண்டும் பெட்டை. பெட்டையளை ஆர் தம்பி வளக்கப் போகினம்? கோயிலடியிலை கொண்டுபோய் விட்டிட்டு வாரும். பிரசாதம் திண்டெண்டாலும் சீவிக்கும்” என்றார். கண் திறவாத குட்டி பிரசாதம் தின்பது எங்ஙனம் என்று நாம் கேட்கவில்லை. ஆச்சி தம் வாழ்நாளிற் கண்டதைத்தான் சொன்னார்.

அன்றிரவு நாம் செய்த பிழையை இங்கே ஒளியாது எழுதுதல் வேண்டும். குட்டிகள் நனைந்து குளிர்ந்திருந்தன. நான்கனுள் மிகச் சிறியது அசைவின்றிக் கிடந்தது. பசியென்று எண்ணினோம். பசுப்பாலைக் காய்ச்சி ஆற்றி, கைக்குழந்தையைப் போல மல்லாத்தி வைத்துக்கொண்டு, சிறு கரண்டியாற் புகட்டினோம். அது இரண்டு மிடறு விழுங்கியது. மூக்கினாற் பால் வந்தது. விடியுமுன் இறந்துவிட்டது. அன்பு இல்லாமையால் அன்று, அறியாமையால்.

மறுநாட் காலை மிருக வைத்தியரிடம் சென்றபோது, அவர் எம்மைக் கடிந்துகொள்ளாமல் விளக்கினார். நாய்க்குட்டி பிறந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. தாயின் வயிற்றுச் சூடும் உடன்பிறந்த குட்டிகளின் நெருக்கமுமே அதற்குப் போர்வை. குளிர்ந்து போன குட்டியின் குடல் பாலைச் செரிக்காது. ஆகவே முதலிற் சூடு, பின்னரே பால். வெந்நீர் நிறைத்த போத்தலைத் துவாயிற் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடல் மெல்ல மெல்லச் சூடேறிய பின்பே ஊட்டுதல் வேண்டும். ஊட்டும்போது குட்டியை மல்லாத்துதல் ஆகாது. தாயிடத்தே கிடந்து குடிப்பது போல வயிறு கீழாக வைத்தே ஊட்டவேண்டும். இன்றேல் பால் நுரையீரலுட் புகும். நாய்ப்பாலிற் கொழுப்பும் புரதமும் பசுப்பாலைப் பார்க்கிலும் இருமடங்கிற்கு மேல் உண்டு. பசுப்பாலிலோ பாற்சர்க்கரை கூடுதல். அதனாற் பேதி உண்டாகும். குட்டிகளுக்கெனச் செய்யப்பட்ட பால்மாவே தகுந்தது. இவ்வளவும் அரை மணி நேரத்திற் கற்றோம். ஓர் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அது.

அன்று தொடங்கியது எமது வீட்டில் ஒரு புதிய நேரசூசி. மூன்று மணிக்கொருமுறை பால். இரவென்றும் பகலென்றும் இல்லை. இரவு பத்து மணி முறை எமது துணைவியாருக்கு. ஒரு மணியும் நான்கு மணியும் எமக்கு. காலை ஏழு மணி, பள்ளிக்குப் புறப்படுமுன், இளைய மகளுக்கு. கடகம் ஒன்றிற் பழஞ்சீலை பரப்பி அதனுட் குட்டிகளை வைத்தோம். ஊசி கழற்றிய சிரிஞ்சினாற் சிறுகச் சிறுகப் பால் ஊட்டிய பின், வெந்நீரில் நனைத்த பஞ்சினால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நாவினால் நக்கிக் கொடுத்தாலன்றிப் பிறந்த குட்டி தானாகச் சிறுநீரும் மலமும் கழிக்க மாட்டாது என்பதை நாற்பது வயதிற்கு மேலேதான் அறிந்தோம். தாய்மை என்று ஒரு சொல்லில் நாம் கூறிவிடுவது எத்தனை சிறு சிறு தொழில்களின் கூட்டம் என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

ஆனால் இவற்றை எம்முடையனவாக வைத்துக்கொள்வதற்கென்று நாம் எடுக்கவில்லை. எமது வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழநாய் உண்டு. வளவும் சிறிது, வருவாயும் ஆசிரியன் வருவாய். தக்க வீடுகள் கிடைக்கும்வரை காப்பது, கிடைத்ததும் கொடுத்துவிடுவது என்பதே முதல்நாள் பிள்ளைகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தம். இடைக்கால வளர்ப்பு என்று இதனைச் சொல்லலாம்.

இந்த முறை பெரிய அளவிலே நடைபெறும் ஓரிடம் எமது நாட்டில் உண்டு. உடவளவை நீர்த்தேக்கத்தின் அயலில் வனசீவராசிகள் திணைக்களம் 1995ஆம் ஆண்டு அமைத்த யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையமே அது. சில ஆண்டுகளின் முன் மாணாக்கருடன் அங்கு சென்றிருந்தோம். தாயை இழந்தும், கிணற்றிலும் குழியிலும் வீழ்ந்தும், கூட்டத்தைப் பிரிந்தும் தனித்துப்போன குட்டிகளை அங்கே வளர்க்கின்றனர். மூன்று மணிக்கொருமுறை அவை ஓடி வருகின்றன. புனல் பொருத்திய குழாயினால் ஊழியர் பால் ஊற்றுகின்றனர். குடித்து முடிந்ததும் அவை மீண்டும் பற்றைக்குள் போய்விடுகின்றன. பார்க்க வந்தோர் எட்ட நின்றே பார்க்க வேண்டும். தடவவும் கூடாது, ஊட்டவும் கூடாது. “ஏன் சேர், ஒருக்கால் தொட்டுப் பார்த்தால் என்ன?” என்று ஒரு மாணாக்கன் எம்மிடம் கேட்டான். மனிதரோடு பழகிய யானை காட்டிற்குச் சென்ற பின் மனிதரைத் தேடி ஊருக்குள் வரும்; அது அதற்கும் கேடு, ஊருக்கும் கேடு என்று விளக்கினோம். ஏறக்குறைய ஐந்து வயதானதும், ஒன்றாக வளர்ந்தவற்றைக் கூட்டமாகவே காட்டில் விடுகின்றனர். 1998ஆம் ஆண்டு முதல் இங்ஙனம் விடப்பட்டவை நூற்றுக்கும் மேற்பட்டவை. விடப்பட்ட பெண் யானைகளிற் சில காட்டிலே குட்டி ஈன்றும் இருக்கின்றன. 1975ஆம் ஆண்டு பின்னவலையில் தொடங்கிய யானைகள் அநாதை இல்லத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பின்னவலை யானைகள் வாழ்நாள் முழுதும் மனிதரிடத்தே வாழ்வன. உடவளவையில் வளர்ப்பவர் முதல்நாள் தொட்டே பிரிவிற்கென்று வளர்க்கின்றனர்.

கடகத்துக் குட்டிகள் வளர்ந்தன. இரண்டாம் வாரத்தின் முடிவிற் கண் திறந்தன. புழு மருந்து கொடுக்கத் தொடங்கினோம். மூன்றாம் வாரத்திற் பல் அரும்பியது. நான்காம் வாரத்திற் குழைத்த சோறும் அவித்த மீனும் தின்னப் பழகின. கடுவன் குட்டியை அப்போதே கேட்டு மூவர் வந்தனர். எட்டு வாரம் நிறையும் வரை தரமாட்டோம் என்றோம். அது பிடிவாதமன்று. உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும் அந்த நாட்களிலேதான், கடி எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளுகின்றது. ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீரிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்பாடம் கல்லாமல் வெளியேறிய நாய், பின்னாளிற் குழந்தையின் கையில் அதனைக் கற்க முற்படும்.

எட்டாம் வாரம் வந்தது. முதற் தடுப்பூசியும் போட்டாயிற்று. கடுவன் ஒரே நாளிற் போய்விட்டது. பெட்டைகளுள் ஒன்றைச் சக ஆசிரியர் ஒருவர் மனமுவந்து பெற்றுக்கொண்டார். மற்றதை ஒரு குடும்பத்தார் வந்து கேட்டனர். நல்ல வீடு, மதில் கட்டிய வளவு. எமக்கும் வேலைப்பளு மிகுந்த நேரம். வேறொன்றும் கேளாமற் கொடுத்துவிட்டோம். பத்தாம் நாள் அக்குட்டியைக் கொணர்ந்து படலையடியில் விட்டுவிட்டு, “இது இரவிரவாய் அழுகுது. பெட்டையும் எல்லோ, நாளைக்குக் குட்டி போட்டால் என்ன செய்யிறது?” என்று கூறிச் சென்றனர். குட்டியின் கழுத்திலே சங்கிலி உரைந்த புண் இருந்தது. பகல் முழுதும் வெயிலிற் கட்டி வைத்திருக்கின்றனர்.

அவர்களை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. கேட்டிருக்க வேண்டியவை எவையென்று பின்னர் ஒரு தாளில் எழுதினோம். பகலில் வீட்டில் இருப்பவர் யார்? இரவில் நாய் எங்கே படுக்கும்? வீட்டார் எல்லோரும் விரும்புகின்றனரா, ஒருவர் மட்டுமா? ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆகும் செலவை ஏற்பீர்களா? ஊருக்கோ வெளிநாட்டிற்கோ போக நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? சரிவராவிடின் தெருவில் விடாது எம்மிடமே திருப்பித் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு, நாம் கேளாமலே, அக்குடும்பத்தார் நல்ல மறுமொழி தந்திருக்கின்றனர் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தெருவில் விடாது திருப்பிக் கொணர்ந்தார்களன்றோ?

திரும்பி வந்த குட்டி முன்னைய குட்டியன்று. செருப்புச் சத்தம் கேட்டாற் கட்டிலின் கீழ் ஒளித்தது. எவர் கையிலும் உண்ணவில்லை. இளைய மகளிடம் மட்டுமே வந்தது. புண் ஆறும்வரை அவள் அதனருகே பாய் விரித்துப் படித்தாள். தைப்பொங்கலும் கழிந்தது. ஒருநாள் இரவு அவள் எம்மிடம் வந்தாள்.

“அப்பா, இதை நாங்களே வச்சிருப்பம்.”

ஒப்பந்தத்தை நினைவூட்டினோம். உடவளவை யானைகளையும் எடுத்துச் சொன்னோம். ஆசிரியத் தொழில் நாவை விட்டுப் போவதில்லை. அவள் சிறிது நேரம் நின்றாள். பின்பு, “யானைக்குட்டிக்குப் போறதுக்குக் காடு இருக்கு. இதுக்கு எங்கை காடு? வீடுதானே நாய்க்குக் காடு. அது ஒருக்காப் போய்ப் பாத்திட்டுத் திரும்பி வந்திட்டுதே” என்றாள்.

எமக்கு மறுமொழி கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகளாக மாணாக்கருக்கு விடை கூறி வந்த எமக்கு, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கேள்விக்கு அன்றிரவு விடை இல்லை. உண்மையில் எமது உள்ளமும் அவள் பக்கமே சாய்ந்திருந்தது.

உறக்கம் வராமற் கிடந்தபோது, பாகவத புராணத்துப் பரதனின் கதை நினைவிற்கு வந்தது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமியற்றிய பரதன், சிங்கத்தின் முழக்கத்திற்கு அஞ்சி ஆற்றைப் பாய்ந்த பிணைமான் ஈன்று வீழ்த்திய கன்றை வெள்ளத்தினின்றும் எடுத்துக் காத்தான். பின்பு அதன்மேல் வைத்த பற்றினாலே தவத்தை மறந்து, இறக்குந் தறுவாயிலும் மானையே நினைந்து, மறுபிறப்பில் மானாகப் பிறந்தான். இக்கதையைக் கேட்கும் சிலர், பிற உயிரை வளர்த்ததே அவன் குற்றம் என்று கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. வெள்ளத்திற் போகும் கன்றைப் பார்த்துக்கொண்டிருப்பதா தவம்? எடுத்தது அறம். எடுத்த கை விட அறியாமற் போனதே பிழை.

இதற்கு எதிரே இன்னொரு முனிவரை வைத்துப் பார்த்தோம். மேனகை விட்டுச் சென்ற பெண்குழந்தையைப் பறவைகள் சூழ்ந்து காத்து நிற்கக் கண்டு எடுத்து, சகுந்தலை எனப் பெயரிட்டு வளர்த்தவர் கண்ணுவர். வளர்த்த பெண்ணைக் கணவன் வீட்டிற்கு அனுப்பும் நாளிலே காளிதாசர் அம்முனிவரைக் கலங்கவே வைத்தார். துறவியாயினும் கண்ணீரை மறைக்கவில்லை. ஆனால் அனுப்பினார். அழுவதும் அனுப்புவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அன்றிரவு தெளிந்தது. மகளுக்குச் சொல்ல வேண்டியது அதுவே. அழாதே என்பதன்று; அழுதுகொண்டே கொடுக்கலாம் என்பது.

காலையில் அவளிடம் கூறினோம்: “நீ சொன்னது சரி, பிள்ளை. வீடுதான் நாய்க்குக் காடு. ஆனால் எங்கடை கடகம் ஒண்டுதான். இது இதிலையே இருந்தால், அடுத்த மாரிக்கு மதகுக்குள்ளை கிடக்கிறதை எங்கை வைப்பம்? அதுக்காக இதை அவசரப்பட்டுக் குடுக்கவும் மாட்டம். இந்த முறை கேள்வி கேக்கிறது நீ. நீ சரியெண்டு சொல்லாமல் குடுக்கிறேல்லை.”

இரண்டு குடும்பங்களை அவள் திருப்பி அனுப்பினாள். மூன்றாவதாக வந்தவர் கோப்பாய்ப் பக்கத்து முதியவர் ஒருவர். துணைவியார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கடல் கடந்த நாட்டில். பதினான்கு ஆண்டுகள் கூட இருந்த நாயும் அண்மையில் இறந்திருந்தது. எமது மகள் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் திண்ணையில் அமர்ந்து, நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர் போல மறுமொழி சொன்னார். கடைசியில் அவள் தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டாள்: “உங்களுக்கு ஏதும் எண்டால் இது என்ன செய்யும், தாத்தா?”

நாம் திடுக்கிட்டோம். அவர் சினக்கவில்லை. “அதைத்தான் மோனை நானும் யோசிச்சனான். அப்பிடி ஒண்டு வந்தால் நீ வந்து கூட்டிக்கொண்டு போவியோ?” என்றார். அவள் தலையசைத்தாள். குட்டி அதற்குள் கட்டிலடியை விட்டு வந்து, அவருடைய வேட்டித் தலைப்பை மணந்துகொண்டிருந்தது.

வாசகர்கள் இதனை ஒரு வீட்டுக் கதையென்று மட்டும் கொள்ளாதிருக்க, சில செய்திகளையும் சொல்ல வேண்டும். 1973ஆம் ஆண்டில் விசர்நாய்க்கடி நோயினால் இலங்கையில் 377 பேர் இறந்தனர். அண்மைக் காலத்தில் ஆண்டொன்றிற்கு ஏறக்குறைய 20 முதல் 30 பேர் வரையே இறக்கின்றனர். இக்குறைவிற்குத் தலையாய காரணம் நாய்களுக்கும் கடியுண்டோருக்கும் போடப்படும் தடுப்பூசி. கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை 2006ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கொல்லாமை நன்று. ஆனால் கொல்லாமையோடு கருத்தடையும் சேர்ந்து நடவாவிடின், கொலை சாக்கிற்கும் மதகிற்கும் பசிக்கும் இடம் மாறுமேயன்றி இல்லாது போகாது. நாயின் கருப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்களே. பெட்டைக்குட்டி ஒன்றிற்குக் கருத்தடை செய்வித்தவர், இனிமேல் வரவிருக்கும் பல சாக்குகளை அன்றே அவிழ்த்துவிட்டவராவார். பிள்ளைகளே, தெருவிற் கிடக்கும் குட்டியைக் கண்டால் வெறுங்கையால் தூக்காதீர்கள், பெரியவரை அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வீட்டில் வைவார்கள் என்று மறைத்தல் ஆகாது. இந்நோய் வெளிப்பட்ட பின் பிழைத்தவர் மிக அரியர்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு கோப்பாய் சென்றோம். படலையைத் திறந்ததும் குட்டி பாய்ந்து வந்தது. அவளைச் சுற்றிச் சுற்றி ஓடியது, கையை நக்கியது, நிலத்திற் புரண்டது. சிறிது நேரத்தில் உள்ளிருந்து முதியவரின் இருமல் கேட்டது. உடனே அவளை விட்டுவிட்டு உள்ளே ஓடிற்று.

திரும்பி வரும்போது அவள் வண்டியின் பின்னாசனத்தில் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவள் முகம் எமக்குத் தெரியவில்லை. எமது ஒழுங்கை முகப்பில் மதகடியை அணுகியபோது, “அப்பா, மெல்லப் போங்கோ” என்றாள். நிறுத்தினோம். இறங்கிக் குனிந்து மதகினுள்ளே பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

“ஒண்டும் இல்லை” என்றாள்.

கடகம் கழுவிக் காயவைத்தபடி திண்ணையிலேயே இருக்கின்றது.